ஒரு கூப்பனுக்கு ஒரு பெயர்தான்

என் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி இருந்தது. ஆசை என்று நாகரிகமாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் வெறிதான். ஜவ்வாது மலையில் நான் டீச்சராக இருந்த ஏழெட்டு வருஷத்தில் ஒரு ஜீவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மா. சந்தையில் கம்பவுண்டர் வூட்டம்மா. கண்ணமங்கலத்திலிருந்து அப்பா போடும் கடிதத்தில்கூட வெளியே மாப்பிள்ளை பெயர் இருக்கும், உள்ளே "சௌபாக்கியவதிக்கு" என்று ஆரம்பிக்கும். கட்டிய புருஷன் "இந்தா" என்பார். குஷியாக இருந்தால் "ஏம்மே" என்பார். வருகைப் பதிவேட்டில் மட்டும் என் பெயர் இருந்தது. அதையும் நானேதான் எழுதினேன்.

புருஷன் என்றால், மலை மேலிருந்த சின்ன ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர். ஆலங்காயத்துக்காரர். டாக்டர் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஜீப்பில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மிச்ச நாளெல்லாம் இவர்தான் மிக்சர் கலக்குவார், டிங்சர் போடுவார், பாட்டிலில் காகிதத்தைப் பல்பல்லாக வெட்டி ஒட்டி வேளைக்கு அளவு காட்டுவார். நல்ல மனுஷன்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஒரு பைத்தியம் பொதுவாக இருந்தது. அது குறுக்கெழுத்துப் பைத்தியம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வாரப் பத்திரிகையில் அது வந்துகொண்டிருந்தது. மலைக்கு மொத்தம் ஒரே பிரதிதான் வரும். போளூர் பஸ் கண்டக்டர் வியாழக்கிழமை கொண்டு வந்து கொடுப்பார். வழியெல்லாம் அவர் படித்துவிட்டுத்தான் தருவார், அதுகூடப் பரவாயில்லை. இரண்டெழுத்துக் கட்டம் எங்கே கண்டாலும் பேனாவால் "எலி" என்று எழுதிவிடுவார். "ஏன் சார் இப்படி?" என்றால், "ஒரு தடவையாவது எலி வராமலா பூடும்?" என்பார். வரவே இல்லை.

சாதாரணக் குறுக்கெழுத்து இல்லை அது. தலைநகரம் எது, ஆறு எது என்று பரீட்சை மாதிரிக் கேட்காது. சுத்த ஏமாற்றுக்காரப் புதிர். "நெரிசலில் கலங்கிய நகரம், பாவிகள் போய்ச் சேரும் இடம்" என்று போடுவான். நெரிசலைப் பற்றிக் கவலைப்படக் கூடாது. நகரத்தின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் நரகம். "தலையில்லாத குதிரை நாடக மேடையில் தொங்கும்" என்பான். குதிரையில் "கு"வை வெட்டினால் திரை. இதை முதல் தடவை படித்தபோது இவர், "பாவம், குதிரைய ஏன் வெட்டணும்?" என்று அரை நாள் வருத்தப்பட்டார். அந்த மனசோடுதான் கம்பவுண்டர் வேலை பார்த்தார்.

சொன்னதை நம்பாதே என்பதுதான் இந்தப் புதிரில் முதல் பாடம். கண்ணுக்குத் தெரிகிற அர்த்தம் எப்போதும் பொய். உண்மை எங்கேயாவது இடுக்கில் உட்கார்ந்திருக்கும். "அரக்கரடித்த அடியில் பதுங்கிய மிருகம்" என்று ஒரு வாரம் வந்தது. இவர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்கு மிக்சர் ஊற்றிக்கொண்டே அதை யோசித்திருக்கிறார். "அரக்கரடித்த" என்ற சொல்லுக்குள்ளேயே விடை இருக்கிறது என்று பொறி தட்டியதும் சந்தோஷத்தில் "கரடி! கரடி!" என்று கத்தினார். வரிசையில் நின்றிருந்த பதினோரு பேரும் மருந்து பாட்டிலோடு ஓடிவிட்டார்கள். பலா பழுக்கிற காலத்தில் பழம் தின்னக் கரடி இறங்கும் எங்கள் மலையில் அந்த வார்த்தையை விளையாட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். ஓடினவர்களில் ஒருவர் கால்கட்டோடு வந்திருந்தார். அவர்தான் எல்லாருக்கும் முன்னால் ஓடினாராம்.

அந்தக் கால்கட்டுக்காரர் சாமை விதைக்கிற மனுஷர், எங்களுக்கு ரொம்ப வேண்டியவர். அரிவாளைக் காலில் போட்டுக்கொண்டு மாசத்துக்கு ஒரு தடவையாவது வந்துவிடுவார். ஒருநாள் இவர் கொடுத்த மருந்து பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நேரே என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "டீச்சரம்மா, இத்த கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்க" என்றார். பாட்டிலில் "மூன்று வேளை" என்று எழுத வேண்டிய இடத்தில் "இடமிருந்து வலம்" என்று எழுதியிருந்தது. "அப்பிடியே சாய்ச்சிக் குடிக்கணுங்களா?" என்று கழுத்தை இடமிருந்து வலமாகத் திருப்பிக் காட்டினார். நான் அடித்துத் திருத்திக் கொடுத்து அனுப்பினேன்.

வீட்டிலும் இதே கூத்துதான். மூன்று நாள் தொடர்ந்து சாமைச் சோறே ஆக்கினேன் என்று ஒரு காலையில் அடுப்படிச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்: "செத்துப்போ, பேனாவில் ஊற்றுவதையும் சேர், இன்றைக்கும் இதுதானா?" சா, மை. சாமை. புரிந்ததும் எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நாலாவது நாளும் சாமையே ஆக்கினேன்.

இன்னொரு கூத்து. ஒரு வாரம் ஒரு சாமி பெயர் விடையாக வந்தது. அது இவர் பெயர். எனக்கு விடை தெரிந்துவிட்டது, இவருக்குத் தெரியவில்லை. புருஷன் பெயரை வாயால் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை, சொன்னால் ஆயுசு குறையும் என்று பெரியவர்கள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். நான் இவரையே விரலால் காட்டினேன். "கம்பவுண்டரா? ஏழெழுத்து ஆவுதே, கட்டம் நாலுதான் கீது" என்றார். மறுபடி காட்டினேன். "மீசையா? இல்ல, ரெண்டெழுத்துதான். சட்டையா?" நெஞ்சிலேயே குத்திக் காட்டினேன். "தலைவலியா? நாலெழுத்து சரியாத்தான் வருது!" என்றார். அதுவும் பொருந்தும் என்று சொன்னேன். அப்புறம்தான் தெரிந்தது, விடை அவருக்கு முதலிலேயே தெரியும், என் வாயால் சொல்லவைக்கத்தான் அத்தனை நடிப்பும். கடைசிவரை நான் சொல்லவில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த குடும்பத்தில் சண்டை எப்படி வந்தது? கூப்பனால் வந்தது. விடையை நிரப்பிக் கூப்பனை வெட்டி அனுப்ப வேண்டும். ஒரு கூப்பனுக்கு ஒரு பெயர்தான். எல்லாம் சரியாக எழுதியவர்கள் பெயரைப் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போடுவார்கள். ஒரு தவறு செய்தவர்கள் பெயர் அதற்குக் கீழே பொடி எழுத்தில் வரும். இவர் கையெழுத்து அழகு, லேபிள் எழுதி எழுதிப் பழகிய கை. அதனால் கூப்பனை எப்போதும் இவரே எழுதி, லேபிள் ஒட்டுகிற மைதாப் பசையால் உறையை ஒட்டிக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். உறைக்குள் யார் பெயர் போகிறது என்று எனக்கு யோசிக்கவே தோன்றியதில்லை.

ஒரு வியாழக்கிழமை பஸ் வந்து நிற்கும்போதே கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டு இறங்கினார். "கம்பவுண்டர் சார் பேரு பொஸ்தகத்துல வந்துட்சி!" ஒரு தவறு பட்டியலில், பொடி எழுத்தில், இவர் பெயர், பக்கத்தில் மலையூர் பெயர். ஊரே கூடிவிட்டது. கால்கட்டுக்காரர் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பலாப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். "சார், உங்க மூளை யாருக்கு வரும்?" என்று இவர் காலடியில் வைத்தார். இவரும் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. மொத்தம் இருபத்திரண்டு குறிப்பில் பதினைந்து நான் போட்டது. அந்த ஒரு தவறு இருக்கிறதே, அது மட்டும்தான் முழுக்க முழுக்க அவர் சொந்தச் சரக்கு. பெயர் அவருக்கு, பழமும் அவருக்கா?

அன்றைக்கு நான் பலாச்சுளை ஒன்றுகூடத் தொடவில்லை. ஒன்பது நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இன்னாம்மே ஆச்சி?" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார். "ஒண்ணுமில்ல" என்றேன். "என் பேரைப் போடுங்க" என்று கேட்டிருந்தால் அந்த நிமிஷமே போட்டிருப்பார், அது எனக்குத் தெரியும். ஆனால் என் பேரை நானே கேட்டு வாங்க வேண்டுமா? அவருக்கே தோன்ற வேண்டாமா? கேட்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம்.

அதற்கு அப்புறம் வந்த வாரத்துப் புதிர்தான் நான் சொல்ல வந்தது. சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் பத்திரிகையை விரித்து உட்கார்ந்தோம். என்ன மாயமோ, அன்றைக்குக் குறிப்பெல்லாம் வரிசையாக விழுந்தது. இருபத்தொன்று முடிந்துவிட்டது, எல்லாம் இரும்பு மாதிரி உறுதி. கடைசியாக ஒன்று பாக்கி. மேலிருந்து கீழ், நாலெழுத்து: "தலை மாறிய உருவம் கண்ணுக்கு மேலே தெரியும்." இரண்டாவது எழுத்து "ரு"வும் கடைசி எழுத்து "ம்"மும் ஏற்கெனவே விழுந்திருந்தன. முதல் எழுத்துக்கு மட்டும் வேறு எந்த விடையின் துணையும் கிடையாது.

இவர் கேட்டவுடனே, "புருவம்" என்றார். பெஞ்சின் அந்தக் கோடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கால்கட்டுக்காரரும், "புருவந்தானுங்களே" என்றார். எனக்கும் அதுதான் என்று தெரியும். உருவத்தின் தலையெழுத்து மாறினால் புருவம், கண்ணுக்கு மேலே இருக்கிறது, வேறென்ன?

அப்போது எனக்குள் ஒரு பிசாசு எழுந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை எல்லாம் சரி. பெரிய எழுத்து, கட்டம், இவர் பெயர். மறுபடி மீசை, மறுபடி பலாப்பழம். விடுவேனா?

"இவ்ளோ சுலுவா குடுப்பானா?" என்றேன்.

ஒன்பது நாளைக்கு அப்புறம் நான் வாய் திறந்ததில் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"புருவம்னா அந்த 'பு' எங்கேர்ந்து வந்துச்சி? குறிப்புல எங்கயாவது கீதா? சும்மா வானத்துலேர்ந்து குதிச்சிதா?" என்று ஆரம்பித்தேன். "இது மேலிருந்து கீழ். 'கண்ணுக்கு மேலே'ன்னா கண்ணுன்ற வார்த்தைல மேலே நிக்கிற எழுத்து. அது இன்னா? 'க'. உருவத்தோட தலைய எடுத்துட்டு 'க'வை வை. கருவம்! இப்ப மிச்சம் இன்னா வார்த்தை? 'தெரியும்'. எல்லாம் எனக்குத் தெரியும், தெரியும்னு சொல்லிக்கினு திரியறவனுக்கு இன்னா இருக்குது? கருவம்!"

சொல்லி முடித்ததும் எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. இதுதான் சரியோ? பொய்க்காகப் பின்னினது இவ்வளவு பிசிறில்லாமல் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. இவர் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

"நானு புருவம்னேனே" என்றார் கால்கட்டுக்காரர்.

"மேலோட்டமா பார்க்கக் கூடாதுங்க" என்றார் இவர்.

"மேலேன்னுதானே போட்டு கீது? அதான் மேலே பார்த்தேன்" என்றார் அவர். அவர் சொன்னதை யார் கேட்டார்கள்?

இவர் "க"வை மையால் அழுத்தி எழுதினார். பிறகு கூப்பனை எடுத்துக்கொண்டு மருந்து மேசைக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, இடது கையால் மறைத்துக்கொண்டு பெயரை எழுதினார். தன் பெயரை எழுத இத்தனை வெட்கமா என்று நான் உள்ளுக்குள் கறுவினேன். உறையை ஒட்டி, பஸ் வந்ததும் ஓடிப்போய்க் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

எனக்கு ஒரே ஆனந்தம். பழி வாங்கிய ஆனந்தம் எவ்வளவு பசியைக் கொடுக்கும் தெரியுமா? அன்றைக்கு நெல்லுச்சோறு ஆக்கினேன், அப்பளம் பொரித்தேன், பாட்டுக்கூடப் பாடினேன். இவரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். ஒரு மாசம் இரண்டு பேரும் இப்படியே கொஞ்சிக்கொண்டு திரிந்தோம். அவர் சிரிப்புக்குக் காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒளித்து வைத்திருப்பதைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி என்று பேர்.

முடிவு வந்த வியாழக்கிழமை நான் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். இனிஷியலோடு, முழுசாக. மலையில் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்பதால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி கேட்டது. எட்டிப் பார்த்தால், பத்திரிகையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, மேட்டில் மூச்சிரைக்க ஓடிவருகிறார் என் புருஷன். பின்னால் கண்டக்டர். அவருக்குப் பின்னால் கால்கட்டு.

"வந்துட்சிம்மே! உன் பேரு!"

"என் பேரா?"

"பின்ன? நீ ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொன்னியே, அதுக்குள்ள இன்னா ஒளிஞ்சிகினு கீதுன்னு எனக்குத் தெரியாதா? ஒம்போது நாள் ஆச்சி, ஆனா கண்டுபுடிச்சிட்டேன் இல்ல?"

பிடுங்கிப் பார்த்தேன். ஒரு தவறு. பொடி எழுத்து. என் பெயர். மேலே கட்டம் கட்டிய இடத்தில் அந்த வாரம் எல்லாம் சரியாக எழுதியவர் ஒருவர்கூட இல்லை என்று போட்டிருந்தது. அந்தக் கட்டம் மொத்தமும் எனக்காகக் காலியாக இருந்தது. புருவம் என்று இரண்டு பேர் சொல்லச் சொல்லக் கேட்காமல் அதை நானே காலி செய்து வைத்திருந்தேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக் கண்டக்டரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. இவர் விடவில்லை. "உன் விடைதாம்மே சரி. அவனுக்கு அவன் போட்ட குறிப்பே புரியல" என்று ஆரம்பித்தார். மருந்து வாங்க வந்தவர்களுக்கெல்லாம் முதலில் கருவத்தை விளக்கிவிட்டுத்தான் மிக்சரை ஊற்றினார். "க"வை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று காய்ச்சல்காரர்கள்கூட ஒப்பித்தார்கள். ஜீப்பில் வந்த டாக்டரே அதைக் கேட்டுவிட்டு, "அநியாயம்தான்" என்றார். கால்கட்டுக்காரர் ஒருவர்தான் தலையைச் சொறிந்துகொண்டு, "இருந்தாலும் புருவந்தானுங்களே" என்பார். அவரைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் மூன்று பக்கத்துக்குப் பத்திரிகைக்கே ஒரு கண்டனக் கடிதம் எழுதினார். நான் சொன்ன பொய்யை ஒரு எழுத்து விடாமல், "பு எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து குதித்ததா?" என்பதுவரை எழுதி, அடியில் என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டார். அது அச்சிலும் வந்தது, வாசகர் கடிதம் பகுதியில். கீழே என் பெயர், இந்தத் தடவை தடித்த எழுத்தில். ஆசிரியர் பதில் ஒரே வரி: வாசகியின் விளக்கம் மிக நயமானது, ஆனால் விடை புருவம்தான்.

நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. பெயர், தடித்த எழுத்து, எல்லாம். பலாப்பழம்கூட வந்தது. ஒரு சுளையைப் பிய்த்து வாய்வரை கொண்டுபோய்த் திரும்ப வைத்துவிட்டேன். போதும் என்று தோன்றியது.

"இன்னாங்க, ஒண்ணு சொல்லணும். அந்தக் கருவம் பொய். உங்க பேரு வரக்கூடாதுன்னு வேணும்னேதான் தப்பா சொன்னேன்."

பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "எனக்கு ஆறுதல் சொல்ல வந்துட்டியா? நான் தோத்ததுக்கு வருத்தப்படறேன்னு நெனச்சிக்கினியா?"

"இல்லீங்க, நெசமா. எனக்கும் புருவம்னுதான் தோணுச்சி."

"போம்மே. அவ்ளோ அழகான விடைய வேணும்னே யாரால தப்பா சொல்ல முடியும்? நம்பறேனா பாரு."

இரண்டு தடவை சொன்னேன், மூன்று தடவை சொன்னேன். தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு பாட்டிலைக் கழுவுகிறார். உண்மையைச் சொல்ல வந்தால் நம்பாத மனுஷனை என்னதான் செய்வது? எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ, இவர் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டேன். முழுப் பெயரை. "கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க! நான் சொன்னது பொய்!" என்று அதற்குப் பின்னால் சேர்த்தேன்.

பாட்டில் கையிலேயே நின்றுவிட்டது. சொல்லிவிட்டேன் என்று உறைத்ததும் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இவர் மெதுவாகத் திரும்பினார்.

"இன்னா சொன்னே?"

"பொய்னு சொன்னேன்."

"அது இல்ல. அதுக்கு முன்னாடி."

நான் சொல்லவில்லை. இவர் ஈரக் கை விரலை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே தன் பெயரைத் தனக்குள் எண்ணிப் பார்த்தார்.

"நாலெழுத்து" என்றார். "சரியாத்தான் வருது."

அதற்கு மேல் அவர் காதில் எதுவும் ஏறவில்லை. கருவம் பொய் என்று இன்றுவரை அவர் ஒப்புக்கொண்டதில்லை. அந்த வாசகர் கடிதத்தை மைதாப் பசையால் அட்டையில் ஒட்டி மருந்து அலமாரியின் உட்கதவில் மாட்டினார். பிறகு ஆலங்காயத்துக்கு மாற்றலாகி வந்தபோது, அதை என் சேலைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி எடுத்து வந்தார்.